அண்ணன் என்கிற தடயம்

குண்டு விழுந்தபோது கூலிங் வீட்டில் இல்லை. ஒரு பேக்கரியில் குளிரூட்டும் கண்ணாடி அலமாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, கேஸ் கசிகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். முதுகுக்குக் கீழே தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. ஆற்றுக்கு இந்தக் கரையில் அரசாங்கப் படையும் அந்தக் கரையில் எதிர்ப்படையும் உட்கார்ந்துகொண்டு, ஒருவர்மேல் ஒருவர் எறிவதெல்லாம் நடுவில் இருக்கிற ஊரின் தலையில் விழுந்துகொண்டிருந்த காலம் அது.

"எங்கேயோ தூரத்துலப்பா, நீ வேலையைப் பாரு" என்றார் பேக்கரிக்காரர்.

கூலிங்கும் வேலையைப் பார்த்தான். கசிவை அடைத்து, அலமாரி குளிர்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அவன் தெருவில் கடை வைத்திருக்கும் தையல்காரர் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

கூலிங் என்பது தெரு வைத்த பெயர். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து வீட்டின் பின்கட்டில் பிரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தினார்கள். அண்ணனுக்குத் தெரு வைத்த பெயர் கம்ப்ரஸர். பருத்த ஆள். வேலை செய்யும்போதும் சாப்பிடும்போதும் ஏதாவது ஒரு மெட்டை மூக்காலேயே ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று அந்த வீட்டில் யாரும் தேடியதே கிடையாது, காதைக் கொடுத்தால் போதும்.

அன்றைக்குக் கூலிங் காதைக் கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. முன்னறை அப்படியே இருந்தது. நாற்காலியில் துண்டுகூட மடித்தது மடித்தபடி. அதற்குப் பின்னால் வீடு இல்லை. சுவரும் கூரையும் பழைய பிரிட்ஜுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அண்ணி சோப்பு நுரையோடு கைகளை முன்னால் நீட்டியபடி நின்றாள்.

"உள்ள இருக்காரு தம்பி" என்றாள். "திருப்புளி எடுக்கப் போனாரு."

தெருவே வந்து கையால் தோண்டியது. பெரிய டீப் ஃப்ரீசரின் முதுகு தெரிந்த நேரத்தில் மறுபடியும் குண்டுகள் விழ ஆரம்பித்தன. ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். மறுநாள் காலையில் கடப்பாரையோடு திரும்பி வந்தால், இடிபாட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலன். காவலனுக்குப் பக்கத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் பகுதி அதிகாரி.

"யாரும் கிட்ட வரக்கூடாது. இது சம்பவ இடம்."

"எங்க அண்ணன் உள்ள இருக்காரு சார்."

"தெரியும். அதனாலதான் சம்பவ இடம். அவர் இல்லன்னா வெறும் இடிஞ்ச சுவர்தானே? நாங்க ஏன் வரப்போறோம்?" பகுதி அதிகாரி கூலிங்கின் தோளில் கையை வைத்தார். "இத பாருப்பா. நேத்து வரைக்கும் அவர் உன் அண்ணன். இன்னையிலேருந்து அவர் தடயம். அரசாங்கமே விசாரணைக்கு உத்தரவு போட்டிருக்கு. எதிர்ப்படைக்காரன் செஞ்ச அக்கிரமத்தை உலகத்துக்கு நிரூபிக்க வேணாமா?"

"விசாரணை எப்ப சார் முடியும்?"

"ஆரம்பிச்சாதானே முடியும்?" என்றார் பகுதி அதிகாரி, நியாயமாக.

அன்று மதியம் எதிர்ப்படையின் வானொலி, குண்டைப் போட்டது அரசாங்கமே என்றும் அதற்கான எல்லா ஆதாரமும் தங்களிடம் இருப்பதாகவும் சொன்னது. அரசாங்க வானொலி, எல்லா ஆதாரமும் தங்களிடம் இருப்பதாகச் சொன்னது. ஆதாரமோ பின்கட்டில் டீப் ஃப்ரீசருக்கு அடியில் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணி அழவில்லை. முன்னறை வாசற்படியில் உட்கார்ந்து நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க விசாரிச்சா இவங்களுக்குத் தோதாத்தான் சொல்லுவாங்க" என்றாள். "வெளியிலேருந்து யாராவது வரணும் தம்பி. சம்பந்தமே இல்லாதவங்க. நம்மள யாருன்னே தெரியாதவங்க வந்து பார்த்துட்டு, இவன்தான் சுட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எனக்கு அது தெரியணும்."

அவள் கேட்டது கடல் தாண்டிக் கேட்டதுபோல அந்த வாரமே செய்தி வந்தது. மனசாட்சி மன்றம் என்று ஒரு மன்றம் இருந்தது. பல நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து, மற்ற நாட்டு அரசாங்கங்கள் சண்டையில் ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று பார்ப்பதற்காக ஏற்படுத்தியது. அந்த மன்றம், கம்ப்ரஸர் அண்ணனின் விஷயத்தைத் தானே விசாரிக்கப்போவதாக அறிவித்தது. உடனே அரசாங்கம் கொதித்து எழுந்தது. எங்கள் மண்ணில் விழுந்த குண்டை விசாரிக்க அந்நியன் யார், எங்கள் இடிபாடு எங்கள் இறையாண்மை என்று மந்திரி மேஜையைக் குத்தினார். பெரிய ஊர்வலம் நடந்தது. அதில் கோஷம் போட ஆள் குறைந்தது என்று கூலிங்கையும் வரச்சொல்லி ஆள் வந்தது.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. மஞ்சள் நாடாவுக்கு வெளியே மன்றம் ஒரு நீல நாடா கட்டிக்கொள்ளலாம். மஞ்சள் காவலன் பக்கத்தில் ஒரு நீலக் காவலன் நிற்கலாம். இருவரின் அனுமதியும் இல்லாமல் ஒரு செங்கல்லையும் யாரும் தொடக்கூடாது. இதை இரு தரப்புக்கும் கிடைத்த வெற்றி என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டன.

வாடை அதற்குள் தெருமுனை வரை வந்துவிட்டது. முதலில் எலி செத்த வாடை மாதிரிதான் இருந்தது. பிறகு அப்படி எதையும் சொல்லிச் சமாளிக்க முடியாதபடி ஆகிவிட்டது. தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு மச்சினன் வீட்டுக்குப் போனார். போகும்போது கூலிங்கின் முகத்தைப் பார்க்க முடியாமல், "தப்பா நினைச்சுக்காத" என்று பூட்டைப் பார்த்துச் சொன்னார். அண்ணி மட்டும் வாசற்படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கைக்கூட மூடவில்லை. மூடினால் அவரை அருவருத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

முதலில் வந்தவர் அரசாங்கப் படையின் கர்னல். பின்னாலேயே கேமராக்காரர்கள் வந்தார்கள். இடிபாட்டிலிருந்து வெளியே உருண்டு கிடந்த இரண்டு கம்ப்ரஸர்களையும் ஒரு கேஸ் சிலிண்டரையும் வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் தூக்கி வைக்கச் சொன்னார்.

"எதிர்ப்படை இந்த வீட்டை ஆயுதக் கிடங்கா வச்சிருந்தது. அவங்க குண்டு அவங்க கைலயே வெடிச்சிருக்கு" என்றார் கர்னல். பிறகு கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டுக் கூலிங்கைக் கூப்பிட்டார். "நீ என்ன சொல்ற?"

கூலிங்குக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் மூக்கில் அந்த வாடையும் இருந்தது. இவர் சொல்வதற்குத் தலையாட்டினால் இவர் போய்விடுவார், இவர் போனால் அண்ணனை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

"ஆமாம் சார். கிடங்குதான். அப்ப எங்க அண்ணனை எடுத்துக்கலாங்களா?"

கர்னலுக்கு மிகவும் சந்தோஷம். "நல்ல பையன். எழுதிக்கங்க" என்றார் உதவியாளரிடம். "எடுக்கறதைப் பத்தி நான் சொல்ல முடியாது. நீல நாடா இருக்கே."

மன்றத்தின் குழு வெள்ளைக் கார்களில் வந்தது. வருவதற்கு முன்பே பகுதி அதிகாரி இடிபாட்டுக்கு எதிரே பந்தல் போட்டு, நாற்காலிகளுக்கு உறை மாட்டி, தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருந்தார். குழுவினர் ஒவ்வொருவரும் வாசனை போட்ட முகமூடி அணிந்திருந்தார்கள். தலைவர் உயரமானவர், வெள்ளி முடி, துக்கத்துக்கென்றே செய்து வைத்தது போன்ற முகம். அவர் பேச, மொழிபெயர்ப்பாளர் மூச்சுவிடாமல் தமிழில் சொன்னார்.

"மாண்புமிகு தலைவர் உங்கள் வலியை உணர்வதாகக் கூறுகிறார். இந்த இடத்தில் நிற்பது தம் வாழ்வின் மிகக் கனமான தருணம் என்கிறார். மறைந்தவருக்காக நாம் அனைவரும் மௌனம் காப்போம் என்கிறார்."

எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். அவர்கள் காலடிக்குச் சற்று அப்பால், ஆள் உயரச் செங்கல்லுக்கு அடியில், அண்ணனும் மௌனமாகத்தான் இருந்தார். மௌனம் முடிந்ததும் தண்ணீர் குடித்தார்கள்.

பிறகு குழு இடிபாட்டின் ஓரத்தை ஆராய்ந்தது. கூலிங்கைக் கூடவே வரச்சொன்னார்கள். தலைவர் குனிந்து கல் ஒன்றைப் புரட்டினார். அடியில் குண்டின் வால்பகுதி, மீன் செதில் மாதிரி விரிந்து கிடந்தது. அதன்மேல் பொறித்திருந்த எழுத்தைக் கூலிங்குக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதே எழுத்துதான் தலைவரின் சட்டைப்பையில் தொங்கிய அட்டையிலும் இருந்தது.

தலைவர் ஒரு கணம் அதைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, யாருக்கோ இடம் விடுகிறவர் மாதிரி ஒரு அடி நகர்ந்து, தன் கறுப்பு ஷூவை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். அப்படி நின்றபடியே பேசினார்.

"இக்குழுவின் அதிகார வரம்பு யார் சுட்டார்கள் என்பது மட்டுமே எனத் தலைவர் விளக்குகிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "குண்டை யார் தயாரித்தார்கள், யார் விற்றார்கள் என்பவை வணிக விஷயங்கள். வணிகத்தில் தலையிடுவது ஒரு நாட்டின் இறையாண்மையை மீறுவதாகும் என்கிறார். அரசாங்கப் படைதான் சுட்டது என்பதில் தமக்கு ஐயமில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் எனக் கேட்கிறார்."

கூலிங் அந்த ஷூவைப் பார்த்தான். பாலீஷ் போட்ட தோலில் அவன் முகமே தெரிந்தது.

"அவர் சொல்றது சரிங்க. அரசாங்கப் படைதான். எங்க அண்ணனை எடுக்கலாங்களா?"

"மாண்புமிகு தலைவர் உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறார். மஞ்சள் நாடாவைக் கடக்கத் தமக்கு அதிகாரமில்லை என்றும் கூறுகிறார்."

அண்ணி வாசற்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, "என்ன தம்பி, அவர் காலுக்கடியில?" என்று கேட்டாள். கூலிங் சொன்னான்.

"பரவாயில்ல" என்றாள். "வித்தவன் வந்து சொன்னாலும் சரி. எவன் சுட்டான்னு சொல்லட்டும்."

அடுத்து வந்தவை நட்பு நாடுகள். மன்றத்தின் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாக இருக்கும் என்று அரசாங்கம் தனக்கு வேண்டிய நாடுகளிடம் முறையிட, அவை ஒரு குழுவை அனுப்பியிருந்தன. குட்டையான, நல்ல சாப்பாட்டு மேனி கொண்ட தலைவர். இடிபாட்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை. முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்து பேசினார். அதே மொழிபெயர்ப்பாளர்தான் அவருக்கும்.

"ஒரு நாட்டின் சண்டையை வெளியார் விசாரிப்பது அநாகரிகம் எனத் தலைவர் வன்மையாகக் கண்டிக்கிறார். வெளியாருக்கு இங்கே வேலையில்லை என்கிறார்."

கூலிங்குக்குக் குழப்பமாகிவிட்டது. "அப்ப இவங்க வெளியார் இல்லையா?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாங்கள் நண்பர்கள் என்கிறார். மேலும் கூறுகிறார்: எங்கள் நாட்டிலும் இடிபாடுகள் உண்டு. இதைவிடப் பெரியவை, தெருத்தெருவாக இருக்கின்றன. அவற்றின் அடியில் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததுகூடக் கிடையாது. அதற்காக நாங்கள் யாரையாவது கூப்பிட்டோமா? எங்கள் மக்கள் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா? பேச மாட்டார்கள். அதுதான் ஒழுக்கம் என்கிறார்."

பகுதி அதிகாரி கைதட்டினார். தட்டிவிட்டு, தட்டியிருக்கக் கூடாதோ என்று சுற்றும்முற்றும் பார்த்தார்.

நட்பு நாடுகளின் பொறியாளர் ஒருவர் முன்னறைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, கட்டடம் வயதாகித் தானாகவே விழுந்திருக்கிறது என்று சொன்னார். கூலிங்கிடம் கேட்டார்கள். நாக்கு பழகிய வேலையைச் செய்தது.

"ஆமாங்க. பழைய சுவருதான். எடுக்கலாங்களா?"

கொஞ்ச நாளில் இரண்டு குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானம் எழுதப்போவதாகத் தகவல் வந்தது. ஊரிலேயே ஜன்னல் உடையாத ஒரே ஹோட்டலின் கூடத்தில் விசாரணை. அண்ணியையும் கூலிங்கையும் சாட்சியாக வரச்சொன்னார்கள். உள்ளே நுழைந்ததும் ஏசிக் காற்று முகத்தில் அறைந்தது. கூலிங்குக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் குளிரில் ஒரு பங்கு பின்கட்டில் இருந்திருந்தால் அண்ணன் இன்னும் அண்ணனாகவே இருந்திருப்பாரே என்று ஓடிய புத்தியின்மேல் அவனே காறித் துப்ப நினைத்தான்.

காலையிலிருந்து பேசினார்கள். "தாக்குதல்" என்று எழுதக்கூடாது, "சம்பவம்" என்று எழுத வேண்டும் என்றார் நட்பு நாடுகளின் தலைவர். சம்பவம் என்றால் யாரோ செய்ததுபோல் இருக்கிறது, "நிகழ்வு" என்றால் தானாக நடந்ததுபோல் இருக்கும் என்றார் அரசாங்கத்தின் சார்பில் வந்திருந்த கர்னல். மன்றத்தின் தலைவர் "நிகழ்வு" என்ற சொல்லை ஏற்பதானால், அதற்கு ஈடாகத் தனக்கு "ஆழ்ந்த" வேண்டும் என்றார். வெறும் கவலை போதாது, ஆழ்ந்த கவலை. கவலை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் கூலிங் கைகழுவும் இடத்துக்குப் போனான். மொழிபெயர்ப்பாளர் அங்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால், உயரமான தலைவரும் குட்டையான தலைவரும் ஒரே மேஜையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஒருவர் தட்டுக்கு ஒருவர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"கூடத்துல அவ்வளவு அடிச்சுக்கிட்டாங்களே?" என்றான் கூலிங்.

"உயரமானவர் நாடு வேற ஒரு ஊர்ல குண்டு போட்டுக்கிட்டு இருக்கு" என்றார் மொழிபெயர்ப்பாளர். முதல்முறையாக அவர் வாயிலிருந்து சாதாரணப் பேச்சு வந்தது. "அதை விசாரிக்கிற குழுவுக்கு இந்தக் குள்ளர்தான் தலைவர். குள்ளர் நாட்டு விவகாரத்தை விசாரிக்கிறது அந்த உயரமானவர். ஒருத்தர் குடுமி ஒருத்தர் கையில. அதான் ரெண்டு பேரும் இவ்வளவு மரியாதை."

"அப்ப எங்க அண்ணன்?"

"உங்க அண்ணன் இவங்க ரெண்டு பேரும் சந்திச்சுக்க ஒரு இடம்யா." சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாட்டியதும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

பிற்பகலில் கூலிங்கின் வாக்குமூலங்களைப் படித்தார்கள். கர்னலிடம் ஆயுதக் கிடங்கு என்று சொன்னது. மன்றத்திடம் அரசாங்கப் படை என்று சொன்னது. நட்பு நாடுகளிடம் பழைய சுவர் என்று சொன்னது. ஒவ்வொன்றாக, நிதானமாக, தமிழிலும் மற்ற மொழிகளிலும் படித்தார்கள்.

"சாட்சி நம்பத்தகுந்தவர் அல்லர் என்பதில் இரு தலைவர்களும் உடன்படுகிறார்கள்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஒரே நிகழ்வைப் பற்றி மூன்று விதமாகப் பேசுகிறவரால்தான் உண்மையைக் கண்டறிய முடியாமல் போயிற்று என வருந்துகிறார்கள்."

கூலிங் எழுந்து நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தாள்.

"ஐயா" என்றாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஆனால் கத்தாமல். "வெளியிலேருந்து ஆள் வரணும்னு கேட்டவ நான். எங்க ஆளுங்க நியாயம் சொல்ல மாட்டாங்கன்னு உங்களை நம்புனேன். அது என் புத்தி. சுட்டவன் யாருன்னு எனக்கு இனி வேணாம். அதை நீங்களே வச்சுக்கங்க. என் வீட்டுக்காரரை மட்டும் குடுத்துடுங்க. புழு வச்சுடுச்சு ஐயா."

மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தில் தடுமாறினார். ஒரு வினாடி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஏதோ சொன்னார். தலைவர்கள் இருவரும் தலையசைத்து, எழுதிக்கொண்டார்கள்.

"விதவை தம் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்ததாகப் பதிவு செய்யப்படுகிறது" என்றார் மொழிபெயர்ப்பாளர். அவர் அண்ணியின் பக்கம் பார்க்கவில்லை. "ஆழ்ந்த என்ற சொல் இருக்கலாம் என இப்போது இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன."

அண்ணி கூடத்தைவிட்டு நடந்தாள். கூலிங் பின்னாலேயே போனான். வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னறை மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். தான் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

மஞ்சள் காவலனும் நீலக் காவலனும் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் பெஞ்சைப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி நீல நாடாவைக் கையால் பிடித்து இழுத்து அறுத்தாள்.

"ஏய், ஏய்" என்று எழுந்தான் மஞ்சள் காவலன். "நீலத்தைத் தாண்டறாங்க பாரு. உன் வேலை."

"நீலத்தைத் தாண்டிட்டாங்களே, இப்ப மஞ்சள்ல இருக்காங்க. அது உன் வேலை" என்றான் நீலக் காவலன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து அனுமதிச்சாத்தான் தொடலாம்னு உத்தரவு."

"தடுக்கறதுக்கும் ரெண்டு பேரும் சேரணுமா?"

அது உத்தரவில் இல்லை. இருவரும் மேலிடத்தைக் கேட்க வயர்லெஸ்ஸைத் திருகினார்கள். மேலிடங்கள் இரண்டும் ஹோட்டல் கூடத்தில் கவலையின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தன. பதில் வரவில்லை.

கூலிங் கடப்பாரையைச் செருகி முதல் கல்லைப் பெயர்த்தான். பூட்டிய கடைகளின் பின்பக்கத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பேக்கரிக்காரர் வந்தார். மச்சினன் வீட்டுக்குப் போயிருந்த தையல்காரரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். சிலர் ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள்.

டீப் ஃப்ரீசரைப் புரட்டினார்கள். அண்ணன் அதற்கும் சுவருக்கும் நடுவே, குத்துக்காலிட்டு உட்கார்ந்த வாக்கில் இருந்தார். முகத்தைப் பற்றி அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் பேசிக்கொண்டதில்லை. அண்ணி இறங்கிப் போய், அவர் சட்டையை இழுத்துவிட்டு, பித்தான் போட்டுவிட்டாள். இரண்டு தரம் தவறியது.

"எந்திரிங்க" என்றாள். "நேரமாச்சு."

கூலிங் அப்போதுதான் அழுதான். குண்டு விழுந்த நாளிலிருந்து அவனுக்குள் கெட்டியாக நின்றிருந்தது எல்லாம் உடைந்து, கடப்பாரைமேல் சாய்ந்துகொண்டு, மூக்கு ஒழுக, வாய்விட்டு அழுதான்.

வெயில் இருக்கும்போதே தூக்கிக்கொண்டு போய் மேட்டுப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். காவலர்கள் இருவரும் கூடவே வந்தார்கள். தடயம் எங்கே போகிறதோ அங்கே இருக்க வேண்டியது தங்கள் கடமை என்றார்கள்.

விஷயம் ஹோட்டல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, கர்னல் "ஐயோ" என்றாராம். உயரமான தலைவர் பேனாவைக் கீழே வைத்தாராம். ஆனால் அதற்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. எந்தச் சொல்லிலும் தகராறு வரவில்லை. "தாக்குதல்" என்ற சொல்லையும் "திட்டமிட்ட" என்ற சொல்லையும் "மன்னிக்க முடியாத" என்ற சொல்லையும் எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். தடயத்தின்மேல் நடத்தப்பட்ட திட்டமிட்ட, மன்னிக்க முடியாத தாக்குதலை மன்றமும் நட்பு நாடுகளும் அரசாங்கமும் ஒருமனதாகக் கண்டித்தன. ஆற்றின் அந்தக் கரையிலிருந்து எதிர்ப்படையின் வானொலியும் அதை வரவேற்றது. அந்தச் சண்டை தொடங்கிய நாளிலிருந்து உலகம் ஒன்றாகச் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. உயரமான தலைவரும் குட்டையான தலைவரும் கட்டிப்பிடித்துக்கொண்ட படம் முதல் பக்கத்தில் வந்தது.

மறுநாள் காலையில் பகுதி அதிகாரி ஜீப்பில் வந்தார். அதே இஸ்திரி மடிப்பு. கூலிங்கைப் பார்த்ததும் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"உன்னாலதான்யா எல்லாரும் ஒத்துமையானாங்க" என்றார் கடைசியில். பாராட்டுகிற மாதிரிதான் இருந்தது. "தடயத்தை எடுத்தது நீதானா?"

"நான்தான்."

"நல்லா யோசிச்சு சொல்லு. மாத்தி மாத்திப் பேசற ஆள் நீ."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார். எங்க அண்ணனை நான்தான் எடுத்தேன்."

பகுதி அதிகாரி நிம்மதியாக மூச்சுவிட்டார். அண்ணி உள்ளேயிருந்து கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நாடாவை அறுத்தது நான். நானும்தான் தோண்டினேன். என்னையும் ஏத்துங்க."

"அதெல்லாம் முடியாதும்மா. பொம்பளையைக் கைது பண்ணா வெளிநாட்டுல பேசுவாங்க" என்றார் பகுதி அதிகாரி.

"சுட்டது யாருன்னு அந்தத் தீர்மானத்துல போட்டிருக்கா?"

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "அதுக்கு இடம் வரலம்மா" என்றார்.

கூலிங் ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தான். உள்ளங்கைகள் இரண்டிலும் கடப்பாரை போட்ட கொப்புளம் உடைந்து எரிந்துகொண்டிருந்தது. அண்ணி ஜீப்பின் பக்கத்தில் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாம போயிட்டு வாங்க தம்பி" என்றாள். "அவர் எங்க இருக்காருன்னு இப்ப எனக்குத் தெரியும். நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு, அப்படியே உங்களையும் வந்து பார்க்கறேன்."